ரைலியைத் தேட எந்தத் தளம், எதற்குப் பணம்? ஐரிஷ் குடும்பப்பெயர்ச் சேவைகள்: ஒரு மதிப்பீடு

அயர்லாந்துக் குடும்பப்பெயர் ஒன்றின் வேரைத் தேடப் புறப்பட்டால் இணையத்தில் வழிகாட்டிகளுக்குப் பஞ்சமில்லை. அரசுத் தளங்கள் இலவசம். தனியார் தளங்கள் சந்தா கேட்கும். இவை போக, பெயர் வரலாற்றைச் சுருள்தாளில் அச்சடித்து விற்கும் கடைகளும் உண்டு. எது எதற்குப் பயன்படும் என்று தெரிய, எல்லாவற்றிலும் ஒரே பெயரைப் போட்டுப் பார்ப்பதுதான் வழி. இங்கே எடுத்துக்கொண்ட பெயர் ரைலி.

இந்தப் பெயர் சோதனைக்குத் தோதானது. 1890-இன் பிறப்புப் பதிவுகளை வைத்துப் பதிவுத்துறை அதிகாரி ராபர்ட் மேத்தசன் தயாரித்த பட்டியலில் ரைலிக்குப் பதினோராம் இடம். நாடு முழுவதும் சுமார் 29,000 பேர் என்று அவர் மதிப்பிட்டார். இவ்வளவு பேர் இருக்கும்போது பெயரை மட்டும் தட்டிப் பார்த்துப் பயனில்லை. ஆனால் பெயர் நாடெங்கும் சீராகப் பரவியும் இல்லை. கேவன் கவுண்டியிலும் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) அதை ஒட்டிய லாங்ஃபர்ட், மீத் பகுதிகளிலும்தான் அடர்த்தி. பழைய கிழக்கு பிரெஃப்னி அரசு இருந்த இடம் அது. க்ளாண்டார்ஃப் போரில் 1014-இல் மாண்டதாக மரபு சொல்லும் ரஹலக் என்பவரின் வழிவந்தவர்களே இந்தக் குடியினர். கேவன் ஊரின் சந்தை அவர்கள் வளர்த்தது. 1447-இல் டப்ளினில் இருந்த ஆங்கில ஆட்சி, 'ஓ'ரைலி பணம்' என்ற பெயரில் புழங்கிய நாணயத்தைச் சட்டம் போட்டுத் தடுக்கும் அளவுக்கு அவர்கள் கை ஓங்கியிருந்தது.

சுருள்தாளும் கேடயமும்

பரிசுக்கடைகளிலும் இணையக்கடைகளிலும் விற்கும் 'குடும்பச் சின்னம்' வகையறாவை முதலில் முடித்துவிடலாம். பச்சைக் கேடயத்தில் இரண்டு பொன்னிறச் சிங்கங்கள் ஒரு கையைத் தாங்கி நிற்கும் படத்தை ரைலி என்று பெயருள்ள யாருக்கும் கோப்பையிலோ படச்சட்டத்திலோ அடித்துக் கொடுப்பார்கள். ஆனால் மரபுச் சின்னம் ஒரு தனி ஆளுக்கும் அவர் வாரிசுகளுக்கும் வழங்கப்படுவது. ஒரே பெயர் கொண்ட எல்லோருக்கும் அதில் பாத்தியதை கிடையாது. இதற்கான அலுவலகம் 1552-இல் தொடங்கியது. 1943-இல் ஐரிஷ் அரசின் கைக்கு வந்தது. இன்று தேசிய நூலகத்தின் கீழ் முதன்மை ஹெரால்டு என்ற பதவியாக இருக்கிறது. அதன் முதல் தலைவர் எட்வர்ட் மக்லைசாட், குடி முழுவதற்கும் பொதுவான சின்னம் என்று ஒன்றைப் பேச்சில் கொண்டுவந்தார். கடைக்காரர்களுக்கு வசதியாகப் போயிற்று. சுவரில் மாட்ட அழகாக இருக்கும் என்றால் வாங்கலாம். ஆனால் அதோடு வரும் ஒரு பக்க வரலாற்றை நம்பித் தேடலைத் தொடங்கக் கூடாது. பெரும்பாலும் அதில் உங்கள் கொள்ளுத்தாத்தா எந்த ஊர்க்காரர் என்பதற்கு ஒரு வரிகூட இருக்காது.

எழுத்துக்கூட்டு எங்கே உதைக்கும்

தளங்களைத் தனித்தனியாகப் பார்ப்பதற்கு முன் தேடுபெட்டியின் தொல்லையைச் சொல்லியாக வேண்டும். மதிப்பெண் குறைவது பெரும்பாலும் இங்கேதான்.

ஐரிஷ் மொழியில் இந்தப் பெயருக்கு 'ஓ' என்ற முன்னொட்டும் அதன்பின் பதினோரு எழுத்துகளும்: ஆர், ஏ, ஜி, ஹெச், ஏ, எல், எல், ஏ, ஐ, ஜி, ஹெச். உச்சரிப்பு என்னவோ ஏறக்குறைய 'ரைலி'தான். ஆங்கிலம் தெரிந்த குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினார். ஆகவே ஆர்-இ-ஐ-எல்-எல்-ஒய் என்றும், ஆர்-ஐ-இ-எல்-எல்-ஒய் என்றும், ஒற்றை எல் போட்டும், அமெரிக்காவில் பெருகிய ஆர்-ஐ-எல்-இ-ஒய் என்றும் பல வடிவங்கள் உண்டு. ஒரே ஆளின் ஞானஸ்நானத்தில் ஒன்று, திருமணத்தில் வேறொன்று என்று வருவது சாதாரணம். 'எங்கள் குடும்பத்தில் எப்போதும் இரண்டு எல் போட்டுத்தான் எழுதுவோம்' என்பவர்களின் முன்னோர்களில் பலர் எழுதத் தெரியாமல் பதிவேட்டில் கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போட்டவர்கள். ஆக, எழுத்துக்கூட்டை வைத்து இரண்டு கிளைகளைப் பிரிக்கக் கூடாது.

'ஓ' முன்னொட்டு தனிக் கதை. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் பெருவாரியாகக் கழன்றது. 1893-இல் ஐரிஷ் மொழியை மீட்கும் இயக்கமான கேலிக் லீக் தொடங்கிய காலத்தை ஒட்டி மெல்லத் திரும்பியது. 1870-இல் ரைலியாகப் பிறந்தவர் 1900-இல் ஓ'ரைலியாக மணமுடித்து, இறக்கும்போது மீண்டும் ரைலியாகப் பதிவாகியிருக்கலாம். இரண்டு வடிவத்தையும் போட்டுத் தேடுவது கட்டாயம். ஓவுக்குப் பின் வரும் சிறு மேற்கோள் குறியைச் சில தளங்கள் ஏற்கும், சில இடைவெளி கேட்கும், சில இரண்டையும் ஒட்டி எழுதினால்தான் காட்டும். மூன்றையும் முயன்று பாருங்கள்.

ஒலிக்குறியீட்டு முறையான சவுண்டெக்ஸ் இதற்கு மருந்து என்று நினைப்பார்கள். பாதி மருந்து. அதில் ரைலிக்கு ஆர்-400. எழுத்துக்கூட்டு மாறினாலும் அதே எண்தான், அதுவரை நல்லது. ஆனால் முன்னொட்டைக் கழிக்காத தளத்தில் ஓ'ரைலிக்கு ஓ-640 வந்துவிடும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே மாட்டா. எதிர்ப்பக்கம், ஆர்-400-க்குள் ரௌலியும் கெர்ரி கவுண்டியின் ரஹிலியும் வந்து விழும். ரஹிலிக்கும் ரைலிக்கும் ஐரிஷில் வேர் வேறு, குடியும் வேறு.

டப்ளின் சிட்டி பல்கலைக்கழகத்தின் கீஷ் குழு நடத்தும் ஐரிஷ் குடும்பப்பெயர்த் தரவுத்தளம் இந்த இடத்தில் கைகொடுக்கும். ஐரிஷ் வடிவத்தையும் ஆங்கில வடிவங்களையும் ஒரே கொத்தாகக் கட்டித் தருகிறது. பெண்களுக்கான வடிவங்களும் உண்டு: மணமாகாதவருக்கு 'நீ', மனைவிக்கு 'ஈ' என்று தொடங்குபவை. இது அலங்காரத் தகவல் அல்ல. 1911 கணக்கெடுப்புப் படிவத்தைச் சில வீடுகள் ஐரிஷிலேயே நிரப்பின. அந்த வீட்டில் தகப்பனுக்கு ஒரு பெயர், தாய்க்கு ஒன்று, மகளுக்கு ஒன்று என மூன்று வடிவங்கள் இருக்கும். ஆங்கில வடிவத்தில் தேடினால் மூன்றுமே கண்ணில் படா. தரவுத்தளம் இலவசம். தேடலை இங்கிருந்து தொடங்குவதே என் பரிந்துரை.

ஐரிஷ் ஜீனியாலஜி: முழு மதிப்பெண்ணுக்கு ஒன்று குறைவு

அரசு நடத்தும் இந்தத் தளத்தில் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகளின் அசல் பக்கங்களே படமாக இருக்கின்றன. காசு கிடையாது. பிறப்பு 100 ஆண்டு, திருமணம் 75 ஆண்டு, இறப்பு 50 ஆண்டு கடந்தால் பொதுப்பார்வைக்கு வரும். பதிவு தொடங்கியது 1864-இல். கத்தோலிக்கர் அல்லாதவர்களின் திருமணம் மட்டும் 1845 ஏப்ரலிலிருந்து.

பிறப்புப் பக்கத்தில் தாயின் கன்னிப் பெயரும், தகப்பன் வசித்த டவுன்லேண்டும் இருக்கும். டவுன்லேண்ட் என்பது ஊருக்கும் சிறிய நிலப்பிரிவு. அயர்லாந்தில் அறுபதாயிரத்துக்கும் மேல். ரைலி மாதிரியான பெயருக்கு இந்த இரண்டும்தான் பிடிமானம். ஜான் ரைலி, மேரி ரைலி என்று நூறு பேர் வருவார்கள். ஆனால் இன்ன டவுன்லேண்டில் இன்ன கன்னிப் பெயருள்ள தாய்க்குப் பிறந்தவர் ஒருவராகத்தான் பெரும்பாலும் இருப்பார்.

இதில் தடுக்கி விழும் இடங்கள் சில. பதிவு மாவட்டங்கள் அக்கால ஏழைச்சட்ட ஒன்றியங்களின் (ஏழைகளுக்கான உதவியை நிர்வகித்த வட்டாரங்களின்) எல்லையை ஒட்டியவை, கவுண்டி எல்லையை மதிப்பதில்லை. கேவனில் பிறந்த குழந்தை மீத்தின் ஓல்ட்காசிலிலோ லாங்ஃபர்டின் கிரானார்டிலோ பதிவாகியிருக்கும். கேவன் என்று வடிகட்டியவுடன் அது மறைந்துவிடும். அடுத்தது தேதி. மூன்று மாதம் தாண்டிப் பதிந்தால் அபராதம் என்பதால் பெற்றோர் பிறந்த நாளைத் தள்ளிச் சொன்னார்கள். பிறப்பதற்கு முன்பே ஞானஸ்நானம் பெற்ற குழந்தையைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். கோயில் பதிவேடு சொல்வதுதான் சரி. தொடக்க ஆண்டுகளில் பதிவே செய்யாமல் விட்ட பிறப்புகளும் நிறைய.

இன்னொரு குழப்பம்: கேவன் அல்ஸ்டர் மாகாணத்தில் இருக்கிறது, ஆனால் வட அயர்லாந்தில் இல்லை. மோனகன், டொனகால் கவுண்டிகளும் அப்படியே. அல்ஸ்டர் என்று கேட்டதும் பெல்ஃபாஸ்ட் பதிவு அலுவலகத் தளத்தில் பணம் கட்டித் தேடுபவர்கள் இருக்கிறார்கள். கேவன் ரைலிக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது. சொல்லப்போனால், வட அயர்லாந்தாகப் பிரிந்த ஆறு கவுண்டிகளின் 1921 வரையான பதிவுகளும் டப்ளின் தளத்திலேயே இலவசமாக உண்டு.

கோயில் பதிவேடுகளும் இத்தளத்தில் இருக்கின்றன, ஆனால் டப்ளின் நகரம், கெர்ரி, கார்லோ, கார்க் மறைமாவட்டத்தின் பகுதிகள் என்று சில இடங்களுக்கு மட்டும். அந்த ஒரு மதிப்பெண் போனது இதற்குத்தான்.

தேசிய ஆவணக்காப்பகம்: கேவன்காரர்களுக்கு ஒரு புதையல்

1901, 1911 கணக்கெடுப்புகள் வீடுவாரியாகக் கிடைக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1911-இல் மணமான பெண்களிடம் திருமணமாகி எத்தனை ஆண்டு, பிறந்த குழந்தைகள் எத்தனை, உயிரோடிருப்பவர் எத்தனை என்று கேட்டிருக்கிறார்கள். ஏழு பிறந்து ஐந்து இருக்கிறது என்றால் தேட வேண்டிய இறப்புப் பதிவுகள் இரண்டு என்று தெரிந்துவிடும்.

வயதை மட்டும் நம்பாதீர்கள். பத்தாண்டு இடைவெளியில் பதினாறு வயது கூடியவர்கள் ஏராளம். 1909 ஜனவரியில் எழுபது வயதானவர்களுக்கு முதியோர் ஓய்வூதியம் வந்தது. பிறப்புச் சான்று இல்லாத தலைமுறை அது. சான்றுக்காக 1841, 1851 கணக்கெடுப்புகளைப் புரட்டித் தரச் சொல்லி அவர்கள் கொடுத்த விண்ணப்பப் படிவங்களும் இதே தளத்தில் உண்டு. 1922 ஜூன் 30-இல் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் ஏற்பட்ட வெடிப்பிலும் தீயிலும் மூலக் கணக்கெடுப்புகள் பெரும்பாலும் சாம்பலாகிவிட்டதால், அந்தப் படிவத்தில் எடுத்தெழுதிய நாலு வரிதான் சில குடும்பங்களுக்கு மிச்சம். எல்லாப் பழியையும் அந்தத் தீயின் மேல் போடுவதும் சரியில்லை. 1861, 1871 தாள்களை அரசே எடுத்த கையோடு அழித்தது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப்போர் சமயத்தில் காகிதக்கூழுக்குப் போயின.

தீயில் தப்பியவற்றில்தான் கேவனுக்கு அதிர்ஷ்டம். 1821 கணக்கெடுப்பில் கேவனின் பல பங்குகளுக்கான (பங்கு என்றால் பாரிஷ் எனப்படும் வட்டாரம்) தாள்கள் எஞ்சியிருக்கின்றன. கிலஷாண்ட்ரா பங்குக்கு 1841-உம் உண்டு. 1821-இல் பெயர், வயது, தொழில், நிலத்தின் அளவு என்று வீட்டிலுள்ள எல்லோரும் பதிவாகியிருக்கிறார்கள். வேறு பல கவுண்டிக்காரர்களுக்குக் குடும்பத்தலைவர் பெயர்கூடக் கிடைக்காத காலம் அது. கேவன் ரைலியைத் தேடுபவர் பலர் இது இருப்பதே தெரியாமல் 1901-இலேயே நின்றுவிடுகிறார்கள்.

தேடலில் பெயர் அகப்படாவிட்டால் தேடுபெட்டியை மூடிவிட்டு இடவாரியாக நுழையுங்கள்: கவுண்டி, தேர்தல் பிரிவு, டவுன்லேண்ட், வீடு. டவுன்லேண்டுக்கு இருபது முப்பது வீடு இருக்கும், பத்து நிமிட வேலை. எடுத்தெழுதியவர் ஆர் என்ற பெரிய எழுத்தை கே என்றோ பி என்றோ படித்திருந்தால் எந்தத் தேடலும் அதைப் பிடிக்காது, கண் பிடிக்கும். டவுன்லேண்ட் பெயரின் சரியான வடிவத்துக்கு லோகன்ம் இடப்பெயர்த் தளம் போதும்.

கிரிஃபித் மதிப்பீடு

1847 முதல் 1864 வரை நில வரிக்காக எடுத்த இந்தக் கணக்கு 'ஆஸ்க் அபவுட் அயர்லாந்து' தளத்தில் வரைபடத்தோடு இலவசம். 1840-களின் பெரும்பஞ்சத்துக்குப் பின் யார் எந்த நிலத்தில் இருந்தார்கள் என்பதற்கு இதைவிட விரிவான பட்டியல் இல்லை. குறை ஒன்றுதான்: நிலத்தையோ வீட்டையோ வைத்திருந்தவர் பெயர் மட்டும் வரும், மனைவி மக்கள் இல்லை. ஒரே டவுன்லேண்டில் மூன்று பிலிப் ரைலி இருந்தால் அடைப்புக்குறிக்குள் தகப்பன் பெயரின் சுருக்கத்தையோ பட்டப்பெயரையோ சேர்த்திருப்பார்கள். அந்த அடைப்புக்குறிக்காகவே அசல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். தேடல் முடிவுப் பட்டியலோடு நின்றுவிடாதீர்கள்.

இதற்குப் பிறகு அதே நிலம் யார் யார் கைக்கு மாறியது என்பதைக் காட்டும் திருத்தப் புத்தகங்கள், 2023-இல் உருவான டெய்ல்ச்சா ஏரன் நிறுவனத்திடம் டப்ளினில் இருக்கின்றன. பழைய பெயரை அடித்துப் புதிய பெயரை வேறு நிற மையில் எழுதுவது அதன் முறை. நிறத்தைத் தவறவிட்டால் ஆண்டைத் தவறவிடுவோம்; கறுப்பு வெள்ளைப் பிரதி வாங்குவது வீண்செலவு.

ஜான் கிரென்ஹம் தளம்

பெயரின் பரவலைப் பார்க்க இதுதான் முதல் தேர்வு. ரைலி என்று தட்டினால் கிரிஃபித் காலத்தில் எந்தக் கவுண்டியில் எத்தனை வீடு என்று வரைபடம் வருகிறது. உடன் எழுத்துக்கூட்டு வடிவங்களின் நீண்ட பட்டியல். இரண்டு குடும்பப்பெயர்களைச் சேர்த்துக் கொடுத்து, இரண்டும் சேர்ந்து காணப்படும் பங்குகளைக் கேட்கும் வசதி அருமை. ஆனால் ரைலியோடு பிரேடியையோ ஸ்மித்தையோ போட்டால் கேவனில் பாதி இடம் வந்து நிற்கும். கொள்ளுப்பாட்டியின் பெயர் அரிதானதாக இருந்தால்தான் இது கூர்மையாக வேலை செய்யும். இலவசமாகப் பார்க்கும் பக்கங்களுக்கு வரம்பு உண்டு, தாண்டினால் சந்தா.

கோயில் பதிவேடுகள்: இலவசமும் சந்தாவும்

1864-க்கு முன்னால் கத்தோலிக்கக் குடும்பத்துக்குப் பங்குப் பதிவேடுதான் கதி. தேசிய நூலகம் 2015 ஜூலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குகளின் பதிவேடுகளை, பெரும்பாலும் 1880 வரையானவற்றை, இலவசமாக இணையத்தில் வைத்தது. பழைய மைக்ரோஃபிலிமின் படங்கள் அவை. மை பரவிய இடமும் எலி தின்ற ஓரமும் அப்படியே தெரியும். பெயரைத் தேடும் வசதி இல்லை. பங்கையும் ஆண்டையும் தேர்ந்து பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். பெயர்வாரி அட்டவணை வேண்டுமென்றால் ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் கணக்குத் தொடங்கி இலவசமாகத் தேடலாம். அங்கே கிடைப்பதை நூலகப் படத்தோடு ஒப்பிடாமல் எழுதி வைக்காதீர்கள்.

பதிவேடு பல இடங்களில் லத்தீனில் இருக்கும். யகோபுஸ் என்றால் ஜேம்ஸ், குலியெல்முஸ் என்றால் வில்லியம். யூஜீனியுஸ் என்று பங்குத்தந்தை எழுதியவர் ஊரில் ஓவன். பிரையனும் பெர்னார்டும் ஒரே ஆளாக இருப்பது வழக்கம். மைல்ஸ் என்ற பெயர் கண்ணில் பட்டால் நின்று பாருங்கள்: ஓ'ரைலிகள் மெல்மோர்டா என்ற தங்கள் பழைய பெயருக்கு ஈடாக வைத்துக்கொண்டது அது. குடும்பத்தில் தலைமுறைக்கு ஒரு மைல்ஸ் இருந்தால் வரிசையைப் பிடிப்பது சுலபம்.

ரூட்ஸ் அயர்லாந்து சந்தாத் தளம். கவுண்டிவாரி மரபியல் மையங்கள் எடுத்தெழுதிய கோயில் பதிவுகள் இதில் இருக்கின்றன. கேவனும் உண்டு, கெர்ரி இல்லை. படம் கிடையாது, எழுதியெடுத்த வரிகள் மட்டும். அப்படியும் காசுக்கு மதிப்பு இருக்கிறது. காரணம், தகப்பன் பெயரையும் தாயின் கன்னிப் பெயரையும் மட்டும் கொடுத்து அந்தத் தம்பதியின் குழந்தைகள் எல்லோரையும் ஒரே தடவையில் வரவழைக்கலாம். இலவச தளங்களில் இதற்கு ஒரு வாரம் புரட்ட வேண்டியிருக்கும். ஆண்டுச் சந்தா வேண்டாம். ஒரு மாதம் தாராளம். கட்டுவதற்கு முன் மேலே சொன்ன இலவசத் தளங்களில் தம்பதிகளின் பட்டியலைத் தயார் செய்துகொள்ளுங்கள். வெறும் ரைலி என்று தேடிக்கொண்டிருந்தால் மாதம் அதிலேயே போய்விடும்.

டி.என்.ஏ. பரிசோதனை

எச்சில் மாதிரி வாங்கி 'நீங்கள் இத்தனை சதவீதம் ஐரிஷ்' என்று சொல்லும் பொதுச் சோதனை குடும்பப்பெயரைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பெயரோடு தந்தைவழி இறங்குவது ஒய் குரோமோசோம். அதற்கான சோதனை ஃபேமிலிட்ரீ டி.என்.ஏ. நிறுவனத்தில் 37 மரபணுக் குறிகளைப் பார்ப்பதிலிருந்து மிக விரிவான பிக் ஒய்-700 வரை படிப்படியாக உண்டு. ஆண்கள்தான் மாதிரி தர முடியும். பெண் தேடுகிறார் என்றால் சகோதரனோ, தகப்பனோ, சித்தப்பா பெரியப்பாவோ, அவர்கள் மகனோ தர வேண்டும். 37 குறிகள் மட்டும் பார்த்தால் வடமேற்கு அயர்லாந்தில் பரவலான எம்222 போன்ற பெரிய தந்தைவழிக் கிளைகளில் வேறு பெயர்க்காரர்கள் நூற்றுக்கணக்கில் பொருந்தி வருவார்கள். அதை வைத்துக் குடியைத் தீர்மானிக்க முடியாது. செலவழிப்பதென்றால் பிக் ஒய் எடுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். இரண்டு கேவன் ரைலிகளின் முடிவு பொருந்தாமல் போனாலும் ஆய்வகத்தின் மேல் பழி போட வேண்டாம். தத்து, தாய்வழிப் பெயரை ஏற்றது, பண்ணையாரின் பெயரைக் குடியானவன் எடுத்துக்கொண்டது எல்லாம் ஐந்நூறு ஆண்டில் நடக்கக்கூடியவை. பதிவேடுகளில் 1821 வரையாவது வரிசை பிடித்தபிறகு சோதனைக்குப் போனால், பொருந்தாத முடிவு வந்தாலும் எந்தத் தலைமுறைக்கு மேலே தேட வேண்டும் என்று தெரியும்.